அக்காவுக்கு மௌன அஞ்சலி

திண்டிவனத்தில் ஒரு வியாபாரிகள் சங்கம், மனித வலிமையைச் சொல்லும்படி ஒரு படம் வேண்டுமென்று தன் கட்டடச் சுவரை என்னிடம் ஒப்படைத்தது. நான் விழுப்புரத்தில் டிராயிங் டீச்சர். வலிமை என்றால் என்ன என்பதில் சங்கத்துக்குச் சந்தேகமே கிடையாது. ஒருவர் சிங்கம் கேட்டார். இன்னொருவர், சங்கிலியை அறுக்கிற கட்டுமஸ்தான வெள்ளைக்காரன் ஒருவனைப் போனில் காட்டி, துணி குறைவாக இருப்பதால் வேட்டி கட்டிவிடலாம் என்று யோசனையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்து, என் அக்காவை வரைந்தேன்.

அக்கா முகையூர்ப் பக்கம் தனியாகப் பயிர் வைக்கிறவள். தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது அவள் நிலம் மணலுக்கடியில் போய்விட்டது. ஊரே வந்து உச்சுக்கொட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. உச்சுக்கொட்டினால் மணல் போகுமா? அவள்தான் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டிவிட்டு, மறுபடி மல்லாட்டைக் கடலை விதைத்தாள். கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற அக்காவைத்தான் வரைந்தேன். முகத்தில் வீரமெல்லாம் இல்லை. யார் மீதோ கோபம் இருந்தது.

சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். "இன்னா மேடம், இந்தம்மா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்குது? கொஞ்சம் சிரிக்க வைங்க."

"நீங்க மணல் அள்ளிப் பாருங்க, சிரிப்பு வருதான்னு" என்றேன். அவர் படத்தில் இருப்பது யார் என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு அக்காவை வரச் சொன்னேன். புருஷன் செத்த நாளிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளைப் பின்வரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள். ஒரு நாளாவது நாலு பேர் அவளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அங்கேயும் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது.

சுவர்ப் பக்கம் திரும்பினேன். படத்துக்கு ரோஜா மாலை சாத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தியிருந்தார்கள். நம் ஊரில் சுவரில் ஒரு முகம் இருந்தால் ஒன்று தலைவர், இல்லாவிட்டால் பிணம். மூன்றாவது வகை இவர்கள் அறிவுக்கு எட்டாது. சிறப்பு விருந்தினர் காரைவிட்டு இறங்கினார், மாலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். மைக்கில் அவர் குரல் தழுதழுத்தது. அந்த அம்மாளின் ஆத்மா சாந்தியடைய இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார்.

கூட்டம் எழுந்தது. அக்காவும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாருடி செத்தது?" என்று என் காதில் கேட்டாள்.

"நீதான்."

ஓரமாக நின்ற செயலாளரிடம் ஓடி, படத்தில் இருப்பவள் இதோ உயிரோடு நிற்கிறாள் என்று அக்காவைக் காட்டினேன். மனுஷருக்கு வேர்த்துவிட்டது. "ஐயா வாயால சொல்ட்டாரு மேடம். இப்பப் போய் உயிரோட இருக்காங்கன்னா அவருக்கு அசிங்கமாப் பூடும். கூட்டம் முடியற வரிக்கும் அவங்கள பின்னாலயே இருக்கச் சொல்லுங்க." ஒரு பெரிய மனிதரின் மானத்துக்காக என் அக்கா கொஞ்ச நேரம் செத்திருக்க வேண்டுமாம்.

என் பின்னாலேயே வந்திருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். நேராகச் சுவரிடம் போய், மாலையைக் கழற்றினாள். அதிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. சிறப்பு விருந்தினர் திறந்த வாயை மூடவில்லை. அக்கா அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னும் சாவலைங்க. எல்லாரும் உக்காருங்க, கால் வலிக்கும்."