தில்லையம்மாள் போட்ட முடிச்சு

பாவு பிணைப்பதில் தில்லையம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அவளே முதலில் சொல்வாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு முடியும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அவள் சேர்த்த இழை அறுந்தாலும் அறுமே தவிர அவிழாது. வாயும் அப்படித்தான், பிடித்தால் விடாது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அவள் வளர்த்த நாய் வெள்ளையன் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பாதத்தில் முள் இல்லை, காயமும் இல்லை. பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு அந்த நாய்தான் எல்லாம். யோசித்தாள். முந்தின வாரம் காயப்போட்ட வடகத்தை நாய் மிதித்ததற்கு எதிர்வீட்டு அம்சவேணி கட்டையை ஓங்கியது ஞாபகம் வந்தது. போதாதா? நாயைத் தொடவே இல்லை என்று அம்சவேணி கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னாள். யார் கேட்டது? நடுத்தெருவில் நின்று, "வாயில்லா ஜீவன் காலை ஒடச்சவ வூட்ல தறி ஓடுமா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள் தில்லையம்மாள். பத்து வருஷமாகப் பாவு பிணைத்த வீட்டின் படியை மிதிப்பதையும் நிறுத்தினாள்.

கால் தேறவில்லை, பாதம் வீங்கியது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். கம்பவுண்டர் அப்துல் சத்தார் ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தார்.

"எலும்பு ஒடியலம்மா. அடிபட்டதாவும் தெரியல."

"நல்லா பாருங்க பாய். அடிச்சவ யாருன்னு எனக்குத் தெரியும்."

"மேல சாதாரணமா இருக்குது. கீழ மட்டும் வீங்கிக்கினு இருக்குது. நடுவுல எதுவோ இறுக்குது. என் கண்ணுக்கு ஆப்புடல. நான் வாயைப் புடிச்சுக்கிறேன், நீ முடிக்குள்ள விரலை வுட்டுத் தடவு. இழை தேடுற கையாச்சே."

தடவினாள். சதைக்குள் ஒரு பள்ளம். பள்ளத்தில் கம்பிபோல ஒன்று. கண்ணால் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. பட்டு நூல், நாலு இழை முறுக்கு, அவள் போட்ட முடிச்சு.

தை மாதம் கூடப் பிறந்த குட்டிகள் எல்லாம் செத்துப்போக, மிஞ்சிய இதற்குக் கண் படக்கூடாதென்று காலில் அவளே கட்டியது. மற்றவர்கள் நூல் கயிறு கட்டுவார்கள். இரண்டு மாதத்தில் நைந்து விழுந்துவிடும். தன் நாய்க்கு மட்டமானது எதற்கென்று இவள் பட்டில் கட்டினாள். கால் பருத்தது, பட்டு இளகவில்லை, மேலே முடி மூடிக்கொண்டது. எப்போதோ விழுந்திருக்கும் என்று இவள் மறந்தே போனாள்.

"யாரு கட்டினது?" என்றார் சத்தார், கத்தரியோடு.

"நான்தான்" என்று சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

அறுத்தெடுத்த நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக அம்சவேணி வீட்டுக்குப் போய், தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். அம்சவேணி நூலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"தூத்தினது நடுத்தெருவுல. சொல்றது மட்டும் வூட்டுக்குள்ளயா?"

நியாயம்தான். தில்லையம்மாள் இறங்கிப்போய்க் குழாயடியில் நின்றாள். தண்ணீர் பிடித்த பெண்கள் குடத்தை நிமிர்த்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அம்சவேணி அடிக்கல. நான் கட்டின பட்டுதான் அறுத்திருக்குது. பாவி நான்தான்." அவள் குரல் உடைந்ததை அந்தத் தெரு முதல்முறையாகக் கேட்டது.

பிறகு எதிர்வீட்டு வாசலிலிருந்து அம்சவேணி கூப்பிட்டாள்.

"பாவு வந்து நாலு நாளா கெடக்குது. சாம்பல் எடுத்துக்கினு வா."