ரேணுகாதேவியின் சம்மட்டி

எங்கள் சாமை அரவை யூனிட்டில் ரேணுகாதேவியைப் போல வேலை செய்கிறவள் கிடையாது. அவளைப் போல வேலைக்கு நடுவில் செல்போன் பார்க்கிறவளும் கிடையாது. நான் தினமும் ஆலங்காயத்திலிருந்து பஸ் பிடித்து மலை மேல் இருக்கும் காவலூருக்கு வந்து இந்த யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். திட்ட வேண்டிய இடத்தில் இருப்பவள், திட்டியும் இருக்கிறேன். "தோ வந்துட்டேன்க்கா" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு முறத்தை எடுப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் களத்து ஓரம் நிற்பாள். சிக்னல் அங்கேதான் வரும்.

அவள் பார்ப்பது சினிமா இல்லை, கேம். வெளிநாட்டுக்காரன் எவனோ செய்தது. அதன் பேர் அவள் வாயிலும் நுழையாது, என் வாயிலும் நுழையாது. ரேணுகா வைத்த பேர் சம்மட்டி கேம். பாழடைந்த கோட்டைகள், பூதங்கள், மந்திரக் கதவுகள். பார்ட்டுக்குப் பார்ட் ராஜா மாறுவான், ஊர் மாறும், வாளும் வில்லும் மாறும். ஒரு பெரிய சம்மட்டி மட்டும் எல்லா பார்ட்டிலும் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதைத் தூக்கினவன் ஓட முடியாது, குதிக்க முடியாது, மெல்ல மெல்ல நடக்கத்தான் முடியும். ஆனால் வேறு எதற்கும் அசையாத கடைசிக் கதவு அதற்குத்தான் உடையும். இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு திரிவதில் என்ன சுகமோ என்று நான் கேலி செய்வேன். வீட்டில் விறகு சுமப்பது போதாதா?

கேமைக் கொண்டுவந்தது அவள் புருஷன் தமிழ்மணி. அவளுக்கு அத்தை மகன். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு முதல் இரண்டு பார்ட்டையும் முடித்தார்களாம். அப்புறம் அவன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு ஒருவன் போர் வண்டியில் போகிறான் என்று இந்த மலையைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான். வண்டி ஆந்திரா தாண்டி, இப்போது ராய்ப்பூர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. போன பொங்கலுக்கும் அவன் வரவில்லை.

போனில் பேசினால் மெஷின் சத்தம். சத்தம் நின்றால் அவனுக்குத் தூக்கம். "சாப்டியா", "ம்", "சரி வச்சிடறேன்", இவ்வளவுதான் பேச்சு. நடுநடுவே இந்தி வேறு. மூன்றாவது பார்ட்டில்தான் இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து சேர்ந்து ஆடலாம். அதனால் அந்த மந்திரக் கோட்டையில்தான் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதுவும் அவனுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில். ஒருநாள் புடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மாமா மாறிட்ட மாதிரி கீதுக்கா. அந்தப் பக்கத்து ஆளாவே ஆயிட்டாரோன்னு பயமா கீது."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் முறம் நிற்கவில்லை, கண்தான் நிறைந்துவிட்டது.

பங்குனி வெயிலில் அவளுக்குச் சம்மட்டி கிடைத்தது. ஏதோ ஒரு கிணற்றடியில் இருந்ததாம். யூனிட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். கடைசிக் கதவை அவளே உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. "மாமா ஒடைக்கட்டும்" என்று வாரக்கணக்கில் அந்தக் கனத்தைச் சுமந்து நடந்தாள். பூதம் துரத்தினால் ஓட முடியாமல் அடி வாங்குவாள். கீழே மட்டும் போட மாட்டாள்.

ஆர்டர் குவிந்திருந்ததால், அவனுக்கு ஓய்வு கிடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் யூனிட் உண்டு. மத்தியானம் அவன் கேமுக்குள் வந்தான். நானும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கதவுக்கு முன்னால் இரண்டு சின்ன உருவங்கள் எதிரெதிரே நின்றன. கையில் கொடுக்க ஒரு பட்டன் உண்டு, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் சம்மட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

அது இந்த மலைக்காரர்கள் வழக்கம். அரிவாளோ கோடாலியோ, இரும்பை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் பிரிவு வந்துவிடும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அவன் உருவம் ஓரடி முன்னால் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அவன் பக்கம் சிக்னல் போய்விட்டது. அந்தக் கேமில் கீழே வைத்த சம்மட்டியைச் சட்டென்று எடுக்காவிட்டால் மறைந்துவிடும், மறுபடி எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் கண் முன்னால் அது மங்கி மங்கி இல்லாமல் போனது.

ரேணுகா சாமைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. பொம்மைச் சம்மட்டிக்கு என்ன சாஸ்திரம், பட்டனை அமுக்கியிருந்தால் முடிந்ததே என்று கத்திவிட்டேன்.

மறுநாள் தமிழ்மணி கூப்பிட்டான். மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். வண்டியில் இருக்கிற பையன்கள் எல்லாம் சிரிக்கிறார்களாம், உன் பெண்டாட்டிக்குப் பட்டன் தெரியாதா என்று. ரேணுகா, தப்புதான் மாமா என்று ஆரம்பித்தாள். அவன் நடுவிலேயே நிறுத்தினான்.

"இன்னா தப்பு? நீ கைல குட்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன் ரேணு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. இத்தனை மாதமாகக் கேட்காததை அன்றைக்கு நேராகக் கேட்டுவிட்டாள்.

"நீ எப்ப வர்ற மாமா?"

அவன் மெஷினை விட்டுத் தள்ளிப் போவது சத்தம் குறைந்ததில் தெரிந்தது. அப்புறம் சொன்னான்.

"இங்க மழ புட்சா வண்டிய நிறுத்திடுவாங்க. மழ புடிக்கட்டும், வர்றேன்."

இப்போதும் அவள் வேலைக்கு நடுவில் போன் பார்க்கிறாள். கேம் இல்லை, வானிலை. இங்கே மேகம் கூடினால் காயப்போட்ட சாமை நனையுமே என்று நான் தார்ப்பாய் தேடி ஓடுகிறேன். அவள் களத்து ஓரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ராய்ப்பூரில் இன்றைக்கும் வெயில்தான் என்கிறாள்.