எங்கள் வீட்டு மழைநீர்க் குழி

குழி தோண்டத் தொடங்கிய அன்று அப்பா இருந்தார், கொத்தனார் இருந்தார், பக்கத்து வீட்டுப் பெரியப்பா கூப்பிடாமலே வந்து நின்றார். அம்மா இல்லை, நூற்பாலையில் பகல் ஷிப்ட். மொட்டைமாடித் தண்ணீரைக் குழிக்குள் இறக்கினால், வற்றிக்கொண்டிருந்த எங்கள் போர்வெல் பிழைக்கும் என்று நான் சொன்னபோது, சரி என்றவள் அவள் ஒருத்திதான். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குகிறவளும் அவள்தான்.

கொத்தனார் நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குங்க தம்பி எட்டடி? பைப்ப மண்ணுல சொருகி உட்டா போட்டோவுக்குப் போதும். இந்தத் தெருவுல நான் கட்டுன ஊடு பூராம் அப்படித்தான்."

உண்மைதான். வீட்டு அனுமதிக்காகப் படம் பிடித்ததோடு அந்தக் குழாய்களின் வேலை முடிந்துவிட்டது. ஒன்றின் கீழும் குழி கிடையாது.

அப்பா இருபது வருடமாகப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பூமியைத் துளைக்கிறவர். "ஆயிரம் அடியில இல்லாத தண்ணிய எட்டடியில கொண்டாரப் போறானாமா. இதத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா சாமி?" எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். கொத்தனார் முன்னால் அதைச் சொன்னதுதான் சுட்டது.

"காக்காப் பீத் தண்ணிய உள்ள உட்டா எங்க போரு கெட்டுப்போகாதா?" என்றார் பெரியப்பா.

"ஜல்லி, மணல், கரி போட்டு வடிகட்டித்தானுங்க உடப்போறோம்."

"அப்ப நல்ல தண்ணி பூராம் எங்க போருக்கு வந்துருமே. உனக்கு என்னடா லாபம்?"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் விடவில்லை, முடித்தேன்.

ஐப்பசி முதல் மழையைக் குழி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. மறுநாள் பெரியப்பா தன் மதிலில் ஒரு விரிசலைக் காட்டி, குழித் தண்ணீரால் வந்தது என்றார். நாங்கள் குடிவந்தபோதே இருந்த விரிசல் அது. அதில் முளைத்த அரசங்கன்றை நானே பிடுங்கியிருக்கிறேன். சொன்னேன்.

"படிச்ச திமிரு," என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "சுவரு உழுந்தா உம்பட பையன் பட்டம் வந்து தாங்குமா?"

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். நான் குறுக்கே நின்றேன். "நாளைக்கு இவங்க மூஞ்சியில முழிக்கோணுமல்லோ, தள்ளுடா," என்றார். மதியத்துக்குள் குழி மூடியாயிற்று. குழாய் தெருச்சாக்கடைக்குத் திரும்பியது. எங்கள் வீட்டு வேலைக்கு ஒருநாளும் கை கொடுக்காத பெரியப்பா இரண்டு கூடை மண் அள்ளிப் போட்டார். அம்மா அன்றும் ஷிப்டில் இருந்தாள்.

மாசியில் போர்வெல் நின்றே போனது. அப்பா தான் வேலை பார்க்கும் வண்டியையே கொண்டுவந்து வேறோர் இடத்தில் துளை போட்டார். ஆயிரத்து முந்நூறு அடிவரை வெறும் கல்தூசிதான் வந்தது. முதலாளி கொடுத்த சலுகை போக, ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.