மா தொடாத கேக்கும் பொத்துவில் பஸ்ஸும்

கோதுமை மா, முட்டை, பால் மூன்றும் சேராத கேக்கை நீண்ட பயணத்தில் கொண்டுபோவது எப்படி என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது நல்ல டப்பாக்கள் இருக்கின்றன, பயமில்லை. நான் முதன்முதலில் அப்படியொரு கேக்கைக் கொண்டுபோனது தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக் காலத்தில். அந்தப் பயணத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, பொத்துவிலில் கல்யாணம் முடித்துக் குடியிருந்தாள். அவளுடைய மகள் ரினோஸாவுக்கு அப்போது ஆறு வயது. கோதுமை மா ஒரு துளி வாய்க்குள் போனாலும் உதடு வீங்கி மூச்சு அடைக்கும். முட்டையும் பாலும் உடம்புக்கு ஆகாது. நோன்புப் பெருநாளன்று யாரோ பாசத்தில் ஊட்டிய ஒரு துண்டு கேக்கால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. மற்றப் பிள்ளைகள் கேக் தின்னும்போது அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உனக்கென்டு ஒரு கேக் கொண்டு வாறன்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கல்முனையில் என் வீட்டில் பலமுறை சுட்டுப் பார்த்துத்தான் பதம் பிடிபட்டது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம், ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம், வறுத்து இடித்த கச்சான் என்கிற நிலக்கடலை, தேங்காய்ப்பூ, கொஞ்சம் ஏலக்காய். அவ்வளவுதான்.

பெருநாளுக்கு முதல் நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். கல்முனையிலிருந்து பொத்துவில் எழுபது கிலோமீற்றர் அளவில் வரும். இன்று இரண்டு மணி நேரம் போதும். அன்று எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சாரதிக்கே தெரியாது.

அக்கரைப்பற்றைத் தாண்டி ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற கடைக்காரர் ஒரு மூட்டை கோதுமை மா கொண்டுவந்திருந்தார். சிப்பாய் நீளமான இரும்புக் கம்பியை மூட்டைக்குள் குத்தி இழுத்தான். கம்பி வெள்ளையாக வெளியே வந்தது. அடுத்தது என் டப்பா. "ஐயோ, வேணாம்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதே கம்பி கேக்கின் நடுவால் இறங்கிவிட்டது.

நான் பஸ்ஸில் ஏறி அழுதேன். கேக்கைப் பயணிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தேன். எல்லோரும் ருசி என்றார்கள். அந்தப் புகழ் எனக்கு எதற்கு?

திருக்கோவிலில் பஸ் மறுபடி நின்றது. கோமாரிப் பக்கம் சூட்டுச் சத்தம் கேட்டதாம், பாதை மூடியாயிற்று. "எப்ப திறப்பாங்க எண்டு எனக்கும் தெரியா. ஆரும் தூரப் போகாதீங்க" என்றார் கண்டக்டர். முக்காடு போட்ட பெண்கள் நாங்கள் நாலு பேர். அந்த நாட்களில் தமிழ் ஊரில் முஸ்லிமும் முஸ்லிம் ஊரில் தமிழரும் இறங்கி நிற்கவே யோசிப்பார்கள். வெயில் ஏற ஏற பஸ்ஸின் தகரம் கொதித்தது.

றோட்டோரத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் கமலா. என் முகத்தைப் பார்த்து, "என்னகா அழுதிருக்கீங்க?" என்றாள். பிள்ளைக்கு மா ஆகாததையும் கம்பி இறங்கியதையும் சொன்னேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"கச்சான் என்னட்ட இருக்கு. வளவுக்க வாழைக்குல பழுத்திருக்கு. தேங்காயும் இருக்கு. வாங்க, சுடுவம்."

எனக்குப் பயம்தான். மற்றப் பெண்கள் போகாதே என்று கண்ணால் சொன்னார்கள். ராத்தாவுக்காக வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீடு பஸ்ஸுக்கு எதிரேதான். தாச்சியை, அவளுடைய இரும்புச் சட்டியை, சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தோம். உரலைக் கொதிநீரால் கழுவினோம். கச்சான் இடித்தது நான், தேங்காய் துருவியது அவள். நான் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி வருவதற்குள் அவள் கலவையைத் தாச்சியில் ஊற்றி மூடி, கீழும் மேலும் தேங்காய்ச் சிரட்டைத் தணல் போட்டிருந்தாள். முக்கால் மணி நேரம் இருவரும் அடுப்பையும் றோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேக் இறங்கிக் கொஞ்சம் ஆறியதும் ஹோர்ன் அடித்தது. டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பஸ் கொஞ்சத் தூரம் போனதும் அடுத்த சாவடி. இறங்கி வரிசையில் நடந்தோம். அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது.

"தங்கச்சி! நில்லுங்க! அந்தக் கேக்கப் புள்ளைக்குக் குடுத்திராதீங்க! கொன்டுபோடும்!"

கமலா. செருப்பில்லாமல், தலைமுடி அவிழ, சாவடியை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் சாவடியை நோக்கி யாரும் ஓடுவதில்லை. சிப்பாய்களின் துவக்குகள் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு மணலில் முழங்காலிட்டாள். 'கொன்டுபோடும்' என்ற சொல் சிப்பாய் ஒருவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். சிங்களத்தில் ஏதோ கத்தினான். எல்லோரும் குப்புறப் படுத்தோம், நான் கையில் டப்பாவோடு.

அதிகாரி என்னை மட்டும் எழும்பச் சொன்னார். டப்பாவை றோட்டின் நடுவில் வைத்து நானே திறக்க வேண்டும். மூடியில் கை வைத்தேன். உள்ளே கேக்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கமலா ஏன் அப்படிக் கத்தினாள்? அந்த ஒரு நொடி, அவள் அதற்குள் என்ன வைத்தாளோ என்று நானும் நினைத்தேன். திறந்தேன். கேக்தான்.

"எண்ணெய் தடவினா கை தன்பாட்டுல மாப்பேணிக்குப் போகுது, சேர்!" கமலா மூச்சு வாங்கிக்கொண்டே அழுதாள். "ஒட்டாம இருக்கத் தாச்சியில கோதும மா தூவிப்போட்டன். பேணி திறந்து கிடக்கிறதக் கண்டாப்போலதான் விளங்கினது."

கண்டக்டர் படுத்தபடியே அதைச் சிங்களத்தில் சொன்னார். மா எப்படி ஆளைக் கொல்லும் என்று அதிகாரி நம்பவில்லை. கமலாவைத் தின்னச் சொன்னார். அவள் ஒரு பிடி பிய்த்து வாயில் போட்டாள். கேட்காமலே நானும் ஒரு பிடி எடுத்துத் தின்றேன். இருவரும் முழங்காலிட்டுக் கேக்கை விழுங்க, துவக்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் போல இருந்தது. பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு என்ன வயது என்று கண்டக்டர் மூலம் கேட்டார். ஆறு என்றேன். கையசைத்தார், போகலாம்.

கமலாவின் பாதம் கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. "சுட்டிருப்பாங்களே ராத்தா, ஏன் ஓடி வந்தீங்க?" என்றேன்.

"ஓடக்குள்ள நினைக்கல்ல, அத மறுகாதான் நினைச்சன்" என்றாள்.

மா பட்ட கேக்கைக் கமலாவிடமே விட்டுவிட்டு, பொத்துவிலுக்கு வெறும் கையோடு போனேன். பெருநாள் காலையில் ராத்தாவின் அடுப்பில் மறுபடி சுட்டேன், தாச்சிக்குள் வாழையிலை விரித்து. முதல் துண்டை ரினோஸா தின்றபோது ராத்தா மகளின் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை விரலை நக்கிவிட்டு, "சாச்சி, இது முழுக்க எனக்கா?" என்றாள். ராத்தா எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கேக் கொண்டுபோகிறவர்களுக்கு: வீட்டிலேயே துண்டு போட்டுத் தனித்தனியாகச் சுற்றுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும். வெயிலில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வேறு வீட்டில் சுட்டால் ஊற்றும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். மா தூவுவதற்குப் பதில் வாழையிலை போதும். பொத்துவிலுக்குக் காலை பஸ்ஸே நல்லது, வெயிலுக்கு முன் போய்விடலாம்.

பெருநாள் கழிந்து திரும்பும்போது பஸ் திருக்கோவிலில் நின்றது. காலில் கட்டோடு கமலா ஜன்னலடிக்கு நொண்டி வந்தாள். பிள்ளை தின்றதா என்று முதலில் கேட்டாள். ஓம் என்றேன். பிறகு துணியில் சுற்றிய ஒன்றை உயர்த்திக் காட்டினாள். புதுத் தாச்சி.

"இதில மா படல்ல, படவும் விடமாட்டன். அடுத்த பெருநாளைக்கு வரக்குள்ள புள்ளையையும் கூட்டி வாங்க" என்றாள்.