எதிர்மலைக்காரன் மணி

வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டியே தலை நரைத்தவர் அவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'கோட்டையார்'. தன் முப்பாட்டனே கல் சுமந்து கட்டியதுபோல் பேசுவார். ஆனால் பேச்சில் பாதி எதிர்மலையைப் பற்றித்தான். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், எல்லைச் சாவடியைத் தாண்டினால் இன்னொரு நாடு, இன்னொரு பழைய ஊர். அங்கும் ஒரு கோட்டை உண்டு. மணி மட்டும் இங்கே ஒன்பது என்றால் அங்கே பத்து.

"அங்க போய்த்தான் தீரணும்னா போங்க," என்பார், மதில்மேல் நின்று கைகாட்டி. "பழசு பார்க்கணும்னா இங்க. பெயின்ட் வாசனை பிடிக்கணும்னா அங்க. மணியைக்கூட தள்ளி வச்சிருக்காங்க பாருங்க. நமக்கு முன்னாடியே பொழுது விடிஞ்சிடுச்சுன்னு பீத்திக்கணுமில்ல?"

கூட்டம் சிரிக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே மூடுபனி, ஒரே மாதிரி வழுக்கும் கல்படி, ஒரே மாதிரி மூட்டைப்பூச்சி உள்ள விடுதிகள். அதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

அவருடைய மகளுக்கும் இந்தத் தொழில்மீதுதான் ஆசை. வழிகாட்டிகள் சங்கத்தில் கோட்டையார் வைத்ததே சட்டம். "உன் குரல் மூணாவது ஆளுக்கே கேக்காதும்மா," என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பிவிட்டார். பெற்ற பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? அவள் சண்டை போடவில்லை. எதிர்மலையில் அறை எடுத்துத் தங்கி, அங்கே ஒரு வழிகாட்டியிடம் தொழில் கற்றாள். அந்த மனிதருக்குக் கோட்டையார் வைத்திருந்த பட்டப்பெயர் 'சுண்ணாம்பு'.

அவளுக்கு அங்கே வழிகாட்டி அனுமதி அட்டை கிடைக்கும் நாள் வந்தது. அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர், எந்தப் பக்கத்துக்காரரானாலும் சரி, நேரில் வந்து, 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க வரணும். பத்து மணிக்கு அட்டை குடுக்கற கவுண்டரை மூடிடுவாங்க. உங்க பத்து இல்ல, இங்க பத்து."

"எனக்குத் தெரியாதா? வர்றேன்."

தெரியாமல் இல்லை. ஆனாலும் முதல் பஸ்ஸைப் போகவிட்டு, சாவகாசமாக அடுத்த பஸ்ஸில்தான் ஏறினார். எதிர்மலைக்காரன் மணிக்கு அவர் ஓடுவதா? கோட்டையார் வந்திருக்கிறார் என்றால் மூடிய கவுண்டரையும் திறக்க மாட்டார்களா? சாவடியில் கண்டக்டர், "கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வச்சுக்குங்க," என்று குரல் கொடுத்தார். மற்றவர்கள் திருகினார்கள். இவர் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

கவுண்டர் மூடியிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"கோட்டையார் வந்திருக்கேன்."

"எந்தக் கோட்டையார்?" உள்ளே இருந்தவர் டீயை உறிஞ்சியபடியே கேட்டார். கவுண்டரைத் திறக்கவில்லை.

முற்றத்தில் மகள் நின்றிருந்தாள். கழுத்தில் புது அட்டை, எதிரே ஒரு கூட்டம். கூட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு வந்தாள்.

"யாரும்மா கையெழுத்துப் போட்டது?"

"அவர்தான்." தூணோரம் நின்றிருந்த சுண்ணாம்பு மரியாதையாகக் கும்பிட்டார். கோட்டையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் வர்றேன்னு சொன்னேனே. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"கவுண்டர் திறந்ததுமே போட்டுட்டாருப்பா. நேத்தே சொல்லி வச்சிருந்தேன்."

"அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னே?"

"எனக்காக ஒரு நாளாவது கடிகாரத்தைத் திருப்பி வைப்பீங்களான்னு பார்க்கத்தான்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"நேரமாச்சுப்பா, ஆளுங்க காத்திருக்காங்க," என்றாள் அவள். "சுத்திப் பார்க்கறதா இருந்தா டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

கோட்டையார் போய் வரிசையில் நின்றார்.