ஏழில் பாடிய பாஸ்டர்

எங்கள் சபைப் பிள்ளைகளிடம் போய், உங்கள் பாஸ்டர் ஒரு காலத்தில் ஆந்தை முகமூடி போட்டுக்கொண்டு மேடையில் பாடினார் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த முகமூடியைத் தைத்தவளே நான்தான். மூக்குக்கு அட்டை வைத்து, பழுப்புத் துணியை இறகு இறகாக வெட்டி ஒட்டி, கண் எரிய எரிய வேலை பார்த்தேன். பிற்பாடு அதே ஆளுக்கு வெள்ளை அங்கியும் தைத்தேன். ரெண்டில் முகமூடிதான் உயிரை எடுத்தது.

நான் தையல்காரி. இவர், அதாவது அந்த பாஸ்டர், இப்போது எங்கள் வீட்டுக்காரர்; அப்போது என் அண்ணனுடைய சிநேகிதர், அவ்வளவுதான். அண்ணன் பியானோ, கீபோர்டெல்லாம் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே நீளமாக ஒரு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், சத்தம் வெளியே போகாமலிருக்க. போகத்தான் செய்தது. அங்கேதான் நாலு பேரும் சேர்ந்து பாடி வாசிப்பார்கள். அண்ணன் கீபோர்டு, இவர் பாட்டு, கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கிதார். டிரம்ஸ் அடித்தவர் பேக்கரி வைத்திருந்ததால் பெயரே பேக்கரி. அடுப்பு வேலையை முடித்துக்கொண்டு நேரே வருவார். அவர் கையை ஓங்கினால் மாவு பறக்கும், அதற்கு அண்ணன் திட்டுவான், அவர் பன்னை எடுத்து அண்ணன் வாயில் திணிப்பார்.

அவர்கள் செய்ததற்குப் பெயர் புரோகிரசிவ் ராக். பாட்டென்றால் மூணு நிமிஷம் என்று ஊரே நினைத்த காலத்தில், கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டைப் பாடினார்கள். தாளமும் எல்லாரையும் போல நாலு நாலாக வராது. ஏழு ஏழாக ஓடும், திடீரென்று ஐந்தாகும். ஆடலாம் என்று வந்தவன் கால் பின்னி நிற்பான். கைதட்டத் தூக்கியவன் கை தூக்கினபடியே இருக்கும்.

"எதுக்குடா இந்த ஏழு? எட்டு வெச்சா குடி முழுகிடுமா?" என்று பேக்கரி கேட்பார்.

"எட்டாவது வரும்னு காது காத்துக்கிட்டிருக்கும். அதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சுடணும். அப்பதான் பாட்டு ஆளைப் பிடிச்சு இழுக்கும்" என்பான் அண்ணன். அதில் அவன் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சுரத்தை மாற்றினால்கூட வீட்டை ரெண்டாக்குவான்.

இவ்வளவு நீளப் பாட்டில் பாடுகிறவருக்கு வேலை கொஞ்சம்தான். முக்கால்வாசி நேரம் மற்ற மூணு பேரும் வாசித்துத் தள்ளுவார்கள், இவர் மேடையில் சும்மா நிற்கவேண்டும். வேறு பாட்டுக்காரர்களாக இருந்தால் குதிப்பார்கள், முடியைச் சிலுப்புவார்கள், உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். இவர் அசையமாட்டார். வாசிக்கிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். "நீ நிக்கிறதால நான் நல்லா வாசிக்கிறேன்டா" என்று அண்ணனே ஒருநாள் சொன்னான். அண்ணன் வாயிலிருந்து பாராட்டு வந்து நான் கேட்டது அந்த ஒருதடவைதான். நான் இவர்மேல் ஆசைப்பட்டதும் அப்படி நிற்பதைப் பார்த்துத்தான். முகமூடி அளவெடுக்கும்போதே மனசு போய்விட்டது.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் குதிக்கப்போகிறான் என்று பயந்துகொண்டிருந்தேன். "ஒழுங்கா வேலைக்குப் போறவனா ஒருத்தன் கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்கிருந்தது அவன் ஒருத்தன்தான். எதைச் செய்தாலும் அவனிடம் சொல்லாமல் செய்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. மேலே அவர்கள் வாசிப்பார்கள், கீழே கடையில் என் தையல் மிஷின் ஓடும், அண்ணியாக வரப்போகிறவள் எனக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில் அண்ணன் ஒரு பெரிய பாட்டு எழுதிக்கொண்டிருந்தான். ரெண்டு வருஷ உழைப்பு. எல்லாம் இவர் குரலுக்காகவே அளந்து எழுதினது. ஹால் பிடித்தாயிற்று, சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாயிற்று. அப்போது பார்த்து பேக்கரி படுத்துவிட்டார். ஈரலில் ஏதோ கோளாறு. ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனது இவர்தான். மற்றவர்கள் போனால் தைரியம் சொல்வார்கள், வைத்தியம் சொல்வார்கள், அவர் களைத்துப்போவார். இவர் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேக்கரி பேசினால் கேட்பார், பேசாவிட்டாலும் இருப்பார். பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருநாள், "தம்பி, போகும்போது இங்கயும் கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போப்பா" என்றாராம். பிறகு அதற்கடுத்த கட்டில்.

பேக்கரி இறந்துபோனார். அதன்பிறகும் இவர் அந்த வார்டுக்குப் போவதை விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அறைக்கு வந்து, புது டிரம்ஸ்காரனைப் பழக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம், தான் பாதிரியார் படிப்புக்குப் போகப்போவதாகச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த நேரம் அது. எனக்கு வந்ததே கோபம்.

"அப்ப நான்?"

"எங்க சபையில பாதிரியார் கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார்.

"அதை யாருங்க கேட்டா?"

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "என் பாட்டுல இல்லாத கடவுள் அங்க எங்கடா இருக்கார்?" என்று மட்டும் கேட்டான். அண்ணன் கீபோர்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "நீ இவன்கூடப் போறதா இருந்தா போ. உன் வீட்டு வாசல்ல என் கால் படாது."

நான் போனேன். கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. பிள்ளைகள் பிறந்தபோதும் வரவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் மறுபக்கம் போய்விடுவான். எனக்கு இருந்த ஒரே ஆசை அவன் ஒருநாள் என் வீட்டு வாசலை மிதிக்கவேண்டும் என்பதுதான். இவர் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

இவர் பாஸ்டரான கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் ஞாயிற்றுக்கிழமையே ரகளை. பழக்கதோஷத்தில் ஆராதனைப் பாட்டை ஒரு எண்ணிக்கை விழுங்கி விழுங்கிப் பாடிவிட்டார். சபை ஒரு பக்கம் போக, இவர் ஒரு பக்கம் போக, ஆர்கன் வாசிக்கிற டீச்சரம்மா நடுவில் மாட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிரசங்கம் அதைவிட மோசம். நடுவில் நிறுத்தி, ஜனங்கள் யோசிக்கட்டும் என்று நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். முடிந்துவிட்டதென்று பின்வரிசை எழுந்து போய்விட்டது. கமிட்டித் தலைவர் வீடு தேடி வந்தார்.

"பாஸ்டர், நீங்க நடுவுல நிறுத்தினா முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"இல்லைங்க, அது இடைவெளி."

"இடைவெளியில எங்காளுங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுடுவாங்க."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நாலுக்குப் பழகினார். பழகினபின் அதற்கும் மேலே போனார். முன்வரிசையில் வயசானவர்கள் வரி முடிவில் மூச்சு வாங்குவார்கள். அவர்கள் வந்து சேருகிறவரை ஒரு எண்ணிக்கை கூடவே நிற்பார். டீச்சரம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். வேறு சபையிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பாட்டு இழுவையாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் சரி.

அண்ணி மட்டும் என்னை விட்டுவிடவில்லை. அளவு குறைக்கணும், கூட்டணும் என்று ஏதாவது சாக்கு வைத்து என் தையல் கடைக்கு வருவாள். உடம்பு மெலிய மெலிய நிஜமாகவே குறைக்கவேண்டி வந்தது. நுரையீரலில் நோய். கடைசியில் படியிறங்க முடியாமல் போனதும் போன் பண்ணினாள். "அண்ணாவைக் கூட்டிட்டு வாயேன். மத்தியானம் உங்கண்ணன் கடையிலதான் இருப்பாரு." இவரைத்தான் அவள் அண்ணா என்பது, இவருக்கு அவள் தங்கச்சி.

திருட்டுத்தனமாக வரமாட்டேன் என்றுவிட்டார் இவர். நேரே அண்ணன் கடைக்குப் போனார். நான் வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, "தங்கச்சியைப் பாக்கப் போறேன்னு சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"தலையைத் தூக்கல. வேண்டாம்னும் சொல்லல. வா, போகலாம்."

அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தாள். இவர் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். "அது அப்புறம் ஆகட்டும். எனக்கு அந்தப் பெரிய பாட்டைப் பாடுங்கண்ணா. மேடையே ஏறலையே, அது. தினம் சாயங்காலம் உட்கார்ந்து எங்க வீட்டுக்காரர் வாசிப்பாரு. பாட்டுக்காரன் வர்ற இடத்துல டக்குனு நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. இத்தனை வருஷம் கேட்டுட்டேன், அதுக்கப்புறம் என்ன வரும்னே தெரியாம போயிடுவேன் போலிருக்கு."

இவர் கண் கலங்கிவிட்டது. பாடினார். குரல் முன்போல இல்லை, கரகரத்தது. ஆனால் ஒரு வார்த்தை மறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் போனோம். அண்ணியும் கற்றுக்கொண்டு, இருக்கிற மூச்சில் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தாள். சந்தோஷமாக இருந்தது. போகிற வழியில் மட்டும் நான் அழுவேன்.

ஒருநாள் அண்ணன் சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்தான். பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன், அறை வாசலில் சாவிக்கொத்தோடு நின்றான். எல்லாம் முடிந்தது, துரத்திவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"எட்டு இல்லடா. ஏழு" என்றான்.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. இவர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு நிக்கிற? சர்ச்சுல பாடிப் பாடி மறந்துடுச்சா?"

"மறக்கல. தங்கச்சி மூச்சு வாங்கணும்ல."

அண்ணன் கட்டிலைப் பார்த்தான். அண்ணி வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் உள்ளே வந்து, மூலையிலிருந்த கீபோர்டு முன்னால் உட்கார்ந்தான். முதலிலிருந்து வாசித்தான். எட்டில் வாசித்தான். ஒவ்வொரு வரிக்கும் அவள் வந்து சேருகிறவரை விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிகிறவரை நிறுத்தவில்லை.

அதன்பிறகு மத்தியானங்களில் அவனும் கடையை மூடிவிட்டு வந்துவிடுவான். இவரோடு பாட்டைப் பற்றி மட்டும் ரெண்டு வார்த்தை பேசுவான். என்னோடு அதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமானாலும் அண்ணியிடம் சொல்லித்தான் கேட்பான். ரோஷக்காரன்தானே, தங்கச்சியிடம் முதலில் வாய் திறந்தால் கிரீடம் இறங்கிவிடும். அண்ணி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனதும் உங்கண்ணன் அந்தக் கடையில உட்கார்ந்து, சாப்பிடாம கிடந்தே செத்துப்போவாரு. கூப்பிட்டா வரமாட்டாரு. ஆனா நீ விட்டுடாத." விடமாட்டேன் என்றேன். எப்படிப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணி போய்விட்டாள். கல்லறையில் இவர் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, போடட்டுமா வேண்டாமா என்று அண்ணன் முகத்தைப் பார்த்தார். "போட்டுக்க. அவளுக்குப் பிடிக்கும்" என்றான். ஜெபம் முடிந்தது. வந்தவர்கள் கிளம்பினார்கள். அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டு, வாசலில் காரை நிறுத்திக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். போய்க் கூப்பிடு என்று இவரை இடித்தேன். கொஞ்சம் இரு என்றார். இவருடைய கொஞ்சம் எனக்குத் தெரியாதா, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை. வெகுநேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தான். கதவைப் பூட்டினான், இழுத்துப் பார்த்தான். நேரே வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். வெறுங்கையோடு உட்கார்ந்தான்.

இவர் எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். என்ன பேசுவது என்று தெரியாமல், நான் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"மாத்துத் துணி எதுவும் எடுத்துக்கலையா?"

"தையல்காரி வீட்டுக்குத்தானே வர்றேன்" என்றான்.

நான் அழுதேன். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, வெட்கமில்லாமல், வழி முழுக்க அழுதேன். அவனைத் திட்டவேண்டியது மலை மாதிரி இருந்தது. அவன் முதலில் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.