வெள்ளிக்கிழமை வைத்த கம்போ

மகளின் கல்யாணத்தன்று மருமகனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைக்கு இனி மெல்பேர்னில் கம்போ சமைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள், பாவம் என்றார். லூசியானாக்காரி. அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ உச்சந்தலை வரை சுட்டது. என் வீட்டில் பெண் எடுத்தவன் பாவமா? அடுத்தமுறை இவருக்கே கம்போ வைத்துக் கொடுக்காவிட்டால் நான் யாழ்ப்பாணத்தாள் இல்லை!

கம்போ அவர்கள் ஊர்க் குழம்பு. மாவை எண்ணெயில் கறுக்கக் கறுக்க வறுத்து, வெங்காயம், செலரி, கறிமிளகாய் போட்டு, நண்டும் இறாலும் வெண்டிக்காயும் சேர்த்துக் காய்ச்சிச் சோற்றின் மேல் ஊற்றுவார்கள். மூன்று மாதம் பழகினேன். முதல் தடவை, இறாலைக் கண்டதும் கை தன்பாட்டில் பழப்புளியைக் கரைத்து விட்டுவிட்டது. மருமகன் "நைஸ், மாமி" என்று இரண்டு வாயோடு எழும்பிப் போனான்.

இந்த வருடம் சம்பந்தி வந்தார். மற்ற நாளெல்லாம் ஊர் சுற்றல், சனி பின்னேரம் திரும்பிப் போகும் பிளேன், காலையில் பெட்டி அடுக்க வேண்டும், அதனால் வெள்ளி இரவுதான் எங்கள் வீட்டுக்கு வர முடியும் என்றாள் மகள். நான் தலையில் கை வைத்தேன். வெள்ளியில் நானும் கணவரும் சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பேன், ருசி பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டேன்.

"பேசாமல் பீட்சா ஓடர் பண்ணுவமே?" என்றார் கணவர்.

"நீங்கள் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ!"

வெள்ளி பின்னேரம் மூக்கை நம்பி மாவை வறுக்கத் தொடங்கினேன். கறித்தூளுக்கு மல்லி வறுத்துப் பழகிய மூக்கு இது. கருகுவதற்குச் சற்று முன்னால் வரும் மணம் அதற்குத் தெரியும். புகை அலாரம் கத்தியது. கணவர் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். நான் அகப்பையை விடவில்லை. மா கறுத்துப் பளபளத்த பிறகுதான் வெங்காயத்தைக் கொட்டினேன்.

சம்பந்தி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு உப்புக் கேட்டார். செத்தேன்! உப்புக்கு ஏது மணம்? அவர் உப்பைத் தூவிக்கொண்டு, தலை நிமிராமல் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு தானே எழும்பிக் குசினிக்குப் போய் இரண்டாந்தரம் போட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா ருசியே பார்க்கேல்லை" என்று கணவர் மகளிடம் பெருமையோடு சொல்ல, அவள் அதை ஆங்கிலத்தில் விளக்கினாள். சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மா ஒருநாளும் இவ்வளவு கறுத்ததில்லை, கருகிவிடும் என்று பயந்து எப்போதும் முன்னரே அடுப்பை அணைத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு, பெட்டி கிடக்கட்டும், நாளைக் காலையில் வந்தால் அந்த மா வறுப்பதைக் காட்டித் தருவீர்களா என்று கேட்டார்.

சந்தோஷத்தில் எனக்கு ஆங்கிலமே வரவில்லை.

"ஓம், வாங்கோ" என்றேன்.